வில்நாணில் இரண்டு முடிச்சு

சேசு மரி சூசை துணை

ஆத்துமேட்டுத் தோட்டம்,
பத்தாங் பெர்ஜுந்தாய்.
3 மே 1955

என் தங்கப் பேத்தி முரியலுக்கு அம்மாயி நவமணி ஆயிரம் முத்தம் கொடுத்து எழுதிக்கொள்வது. நான் உசிரோடும் பல்லோடும் இருக்கிறேன், கீழ்வரிசையில் இரண்டு மட்டும் போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் உன் கடிதத்தைப் படித்த பிறகும் எனக்கு விளங்கவில்லை.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். இந்த லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைகளில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான். அப்படியும் நாலு தடவை வாசித்தேன். "வில் எய்யப் பழகுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அம்பு விடுகிற வில்லையா சொல்கிறாய்? முதுகில் குண்டு பட்டு வைத்தியத்துக்குப் போன பிள்ளை கையில் வில்லைக் கொடுத்தது எந்த டாக்டர்? மருந்து தீர்ந்துவிட்டதா அந்த ஊரில்?

இதை வெளியே சொல்லவும் பயமாக இருக்கிறது. மடியில் ஒரு துப்பாக்கி ரவை இருந்தால் தூக்கு என்கிற காலம். வாழைத்தாரில் காக்காய் விரட்ட பக்கத்து வீட்டுக் காளியம்மா வைத்திருந்த கவணைக்கூடக் கேட்டில் நிற்கிற போலீஸ் சார்ஜன் பிடுங்கிக்கொண்டார். உன் கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். லயத்தைச் சுற்றின முள்கம்பி அப்படியேதான் இருக்கிறது. ஆள் போகிற கேட்டை மட்டும் இன்னும் குறுக்கிவிட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று ஒவ்வொருத்தராகத் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள். நான் உடம்பை ஒருக்களித்துத்தான் வெளியே வருகிறேன்.

நேர்ச்சையை மறந்துவிடாதே. கம்யூனிஸ்டுகள் துரையின் காரைச் சுட்ட அன்றைக்கு நீ பார்த்துக்கொண்ட அந்த வெள்ளைக் குழந்தையை உனக்குக் கீழே போட்டுக் கவிழ்ந்தாயே, அன்றைக்கே மாதாவிடம் சொல்லிவிட்டேன். இவள் பிழைத்தால் நாங்கள் இரண்டு பேரும் செருப்பில்லாமல் கோலசிலாங்கூர் கோயிலுக்கு வருகிறோம் என்று. பன்னிரண்டு மைல் கட்டைத் தூரம். துரைசாணி உன்னைச் சீமைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. மாதாவும் எத்தனை நாள் காத்திருப்பாள்?

ஒரு போட்டோ அனுப்பு.

உன் அம்மாயி,
நவமணி

•

ஆறாம் வார்டு,
இங்கிலாந்து.
20 மே 1955

என் அருமை அம்மாயிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். பயப்படாதீர்கள், இங்கே வில் வைத்திருந்தால் யாரும் பிடித்துப்போக மாட்டார்கள். தோளுக்கும் கைக்கும் பலம் வர வேண்டும் என்று டாக்டர்தான் பழகச் சொன்னார். தோளுக்கு எதற்குப் பலம் என்று கேட்பீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

வைக்கோலைச் சுருட்டித் தைத்துப் பெரிய வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். அதன்மேல் வண்ண வளையங்கள். நடுவில் தங்க நிறம், அதற்கு ஒன்பது எண்ணிக்கை. அப்புறம் சிவப்புக்கு ஏழு, நீலத்துக்கு ஐந்து, கறுப்புக்கு மூன்று, ஓரத்து வெள்ளைக்கு ஒன்று. முப்பது கஜத்திலிருந்து ஆறு ஆறு அம்பாக விட வேண்டும். என்னால் இப்போது ஆறில் நாலைச் சிவப்புக்குள் போட முடிகிறது.

ஜூலைக் கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரி மைதானத்தில் பல நாட்டுப் போட்டி. பந்து, ஈட்டி, நீச்சல் எல்லாம் உண்டு. பெண்கள் தனித்தனியாக எய்கிற போட்டியில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். போன வருஷம் மூன்றாவதாக வந்த ஒருத்தியைத்தான் பக்கத்துக் கட்டிலில் போட்டிருக்கிறார்கள். ரொம்ப வாய்.

முதுகுக் காயம் ஆறிவிட்டது. போட்டோ வைத்திருக்கிறேன். அதை நன்றாகப் பாருங்கள் அம்மாயி, முகத்தோடு நிறுத்தாதீர்கள். இரண்டு வருஷமாக உங்களுக்கு நான் எழுதாத விஷயம் அதில் இருக்கிறது.

உங்கள்
முரியல்

•

சேசு மரி சூசை துணை

ஆத்துமேட்டுத் தோட்டம்
14 ஜூன் 1955

என் ராசாத்தி முரியலுக்கு,

பார்த்தேன் அம்மா! நீ எழுதாமல் மறைத்த பெருமையை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கர்த்தர் என்னை இதற்குத்தான் வைத்திருக்கிறார்.

இந்தத் தோட்டத்தில் எத்தனை படம் பிடித்திருக்கிறார்கள்! எதிலாவது நம் ஆள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? துரை நாற்காலியில், துரைசாணி நாற்காலியில், கணக்கெழுதுகிற பெரிய கிராணி ஓரத்து நாற்காலியில், நாமெல்லாம் பின்னால் நிற்போம். உன் தாத்தா முப்பது வருஷம் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்தும் நின்றபடியேதான் படத்தில் இருக்கிறார். நீ என்னடா என்றால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய், உனக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்! சின்னப் பிள்ளை என்று அடக்கமாக எழுதாமல் விட்டாய் போலிருக்கிறது.

வில் விஷயத்தை மறைக்க என்னால் முடியவில்லை. லயம் முழுக்கக் காட்டிவிட்டேன். காளியம்மாவுக்கு வயிற்றெரிச்சல்.

"ஏண்டி நவமணி, அந்த நாக்காலிக்குச் சக்கரம் என்னாத்துக்குலா?" என்றாள்.

"கூத்து பாத்ததில்லையா நீயி? வில்லுக்காரன் எவன்டி தரையில நின்னு சண்ட போட்டான்? அத்தன பேரும் தேருலதான வந்தான்?" என்றேன்.

அவள் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, தேருதான். குதிரையத்தான் காணோம்" என்றாள். "அந்த வெள்ளக்காரன் இருக்கானே, இழுக்க மாட்டானா?" என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

ஆனால் எனக்குக் குழப்பமும் இருக்கிறது. எதிரே ஆள் இல்லாமல் யாரை ஜெயிப்பாய்? வைக்கோல் திருப்பி எய்யுமா? கறுப்புக்கு மூன்று, வெள்ளைக்கு ஒன்று என்கிறாயே, துரைமார் பார்த்துக்கொண்டு சும்மாவா இருக்கிறார்கள்? நீ எந்த நாட்டுக்காக எய்கிறாய்? நம் ஊர் என்று நான் சொன்னால் எனக்குத் திருச்சிராப்பள்ளிதான். இங்கே கொடுத்த அடையாளக் கார்டில் வேறு என்னவோ போட்டிருக்கிறது. நீ பிறந்தது நாலாம் நம்பர் லயம். கொடி எது பிடிப்பாய்?

இன்னொன்று. கிராணி செல்லையாவிடமும் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒரு வார்த்தை மெச்சவில்லை. "பிள்ளைகிட்டயே கேட்டு எழுதுங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன கேட்க? அவர் மகள் தட்டெழுத்தோடு நின்றுவிட்டாள், அந்த வருத்தமாக இருக்கும்.

போட்டி முடிந்ததும் கப்பல் ஏறு. கோயிலுக்கு நடக்க வேண்டும்.

அம்மாயி,
நவமணி

•

ஆறாம் வார்டு,
இங்கிலாந்து.
4 ஆகஸ்டு 1955

அன்புள்ள அம்மாயிக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒன்றரை மாதமாகப் பதில் எழுதவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். போட்டியன்று "முரியல் மலாயா" என்று பெயரைக் கூப்பிட்டார்கள். கொடி ஒன்றும் என் கையில் கொடுக்கவில்லை. மலாயா என்ற சத்தத்தைக் கேட்டதும் என்னவோ ஆகி, முதல் அம்பு வெள்ளையில் போய்விட்டது. ஒன்றே ஒன்று! "துரைமார் பார்த்துக்கொண்டு சும்மாவா இருக்கிறார்கள்" என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது, சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் ஓர் அம்பும் வெள்ளைப் பக்கம் போகவில்லை. கடைசி ஆறில் இரண்டு தங்கத்தில் நின்றன. பதினோரு பேரில் மூன்றாவதாக வந்தேன். ஒரு பதக்கம் கொடுத்தார்கள்.

பதினோரு பேருமே நாற்காலியில் இருந்துதான் எய்தோம் அம்மாயி. அது மரியாதைக்காகப் போட்ட நாற்காலி இல்லை. என்னால் நிற்க முடியாது. குண்டு முதுகுத்தண்டைத் தொட்டுவிட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் சுட்டாலும் எனக்குத் தெரியாது. இனி நடக்க மாட்டேன் என்று முதல் மாதமே டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சக்கரங்களை நானே கையால் தள்ளிப் போகத்தான் தோளுக்குப் பலம் கேட்டார்கள். பின்னால் நிற்கிற வெள்ளைக்காரர் வார்டில் எங்களைத் தூக்கி வைக்கிறவர்.

நேர்ச்சை என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. போட்டோவே சொல்லட்டும் என்று கோழைத்தனமாக இருந்துவிட்டேன். நீங்கள் அதை லயம் முழுக்கக் காட்டிவிட்டீர்கள்.

இங்கே என்னைப் போன்றவர்களுக்கு ஒரு விடுதி இருக்கிறது. தையல் வேலை கொடுப்பார்கள். வாசல்கள் அகலம், படிகள் கிடையாது. அங்கே சேருகிறேனா, இல்லை துரைசாணி தருகிற கப்பல் செலவில் ஊருக்கு வருகிறேனா என்று செப்டம்பர் முப்பதுக்குள் நான் சொல்ல வேண்டும். நம் லயத்து வீட்டுப் படி மூன்றும், அந்த வாசலும், நீங்கள் ஒருக்களித்து வெளியே வருகிற கேட்டும் ராத்திரி பகலாக என் கண்ணுக்குள் நிற்கின்றன. அதனால் இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எய்து எய்து நைந்துபோன என் பழைய வில்நாண் ஒன்றை இதில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு அனுப்ப வேறு ஒன்றும் என்னிடம் இல்லை.

முரியல்

•

2 செப்டம்பர் 1955

அம்மாயி,

இன்றோடு நாலு வாரமாகிறது. உங்கள் கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

முரியல்

•

சேசு மரி சூசை துணை

ஆத்துமேட்டுத் தோட்டம்
10 செப்டம்பர் 1955

என் மகளே முரியல்,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் ஏதோ தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்தேன். அஞ்சாம் வகுப்புப் படிப்பு இவ்வளவுதான் போல என்று அதைக் கிராணி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் வாசித்தபோதும் அதையேதான் வாசித்தார்.

அப்புறம் நாலு நாள் கோபம்தான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சுட்டவனை நான் பார்த்ததில்லை. கம்பிக்கு மேலே ஆகாயக் கப்பல் பறந்து, காட்டில் இருக்கிறவர்களை வெளியே வந்துவிடுங்கள் என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே போகிறது. அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா, செத்துப்போனானா? உன்மேலும் கோபம் வந்தது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் "என் பிள்ளை கால் வலிக்காமல் நடக்கட்டும்" என்று ஜெபித்திருக்கிறேனே, அதெல்லாம் யார் கணக்கில் போயிற்று?

காளியம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். நாற்காலி மரியாதைக்கு இல்லையாம், காலுக்காம் என்று. அவள் ஒப்பாரி வைப்பாள் என்று பயந்துகொண்டுதான் போனேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "அப்ப ஒக்காந்துகிட்டேவா மூணாவதா வந்தா? அடியாத்தீ, நின்னிருந்தா?" என்றாள்.  நான் சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் வேலையில் இறங்கினேன். பதில் தாமதம் அதனால்தான்.

வீரனை உனக்கு ஞாபகம் இருக்கும், தோட்டத்துத் தச்சன். அவன் படி மூன்றையும் எடுத்துவிட்டுப் பலகையைச் சரிவாகப் போட்டுவிட்டான். துரையிடம் கேட்டாயா என்றேன். "கேட்டா ஆறு மாசமாவும் பாட்டி" என்றான். இப்போது நானே அதில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தாயிற்று, கயிற்றுப்பாய் போடச் சொல்லியிருக்கிறேன்.

கேட்டுக்குப் போய்ச் சார்ஜனிடம் பேசினேன். ஆள் போகிற கேட்டில் நாற்காலி நுழையாது, லோரி போகிற பெரிய கேட்டை என் பேத்திக்குத் திறக்க வேண்டும் என்றேன். அது லோரிக்கு மட்டும்தான், மனுஷனுக்கு உத்தரவில்லை என்றார். "லோரிக்கும் சக்கரம், எம் பேத்திக்கும் சக்கரம்" என்றேன். அவர் சிரித்தார், தலையையும் ஆட்டினார். திறக்கிறேன் என்று ஆட்டினாரா, இந்தக் கிழவிக்குப் பைத்தியம் என்று ஆட்டினாரா, புரியவில்லை. மறுபடியும் போய்க் கேட்பேன். தினமும் அந்த வழியாகத்தானே போகிறேன்.

மாதாவிடமும் பேசிவிட்டேன். நான் சொன்ன நேர்ச்சை இரண்டு பேரும் செருப்பில்லாமல் வருகிறோம் என்பதுதான். அதை நான் மாற்றவில்லை. நான் நடக்கிறேன், தள்ளுகிறேன். தள்ள முடியாத இடத்தில் காளியம்மா தள்ளுவாள். அவள் நம் வேதம் இல்லையே என்றால், "மாதாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ வழிய காட்டு" என்கிறாள். உன் காலில் செருப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் விளங்காதது எவ்வளவோ. உன்னைக் குளிக்க வைப்பது எப்படி? யார் தூக்குவது? எனக்கு அறுபத்துமூன்று வயது. மழைக்காலத்தில் இந்தச் சேற்றில் சக்கரம் உருளுமா? மூன்றாவதாக வந்தவளுக்கு எதற்குப் பதக்கம், அதுகூட எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதைப் பார்க்க வேண்டும்.

உன் வில்நாணை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். பத்திரமாகப் பிரி. அதில் இரண்டு முடிச்சுப் போட்டிருக்கிறேன். ஒரு நுனியிலிருந்து முதல் முடிச்சு வரைக்கும் ஆள் போகிற கேட்டின் அகலம். அதே நுனியிலிருந்து இரண்டாவது முடிச்சு வரைக்கும் நம் வீட்டு வாசல். உன் நாற்காலியின் குறுக்கே வைத்து அளந்து பார். வாசல் போதாது என்றால் எவ்வளவு போதாது என்று எழுது, வீரன் ரம்பத்தோடு உட்கார்ந்திருக்கிறான்.

அந்த விடுதியிலேயே இருக்க உனக்குப் பிரியமானால் இரு அம்மா. அது உன் இஷ்டம், நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். வாசல் குறுகல் என்று மட்டும் காரணம் எழுதாதே.

லோரி கேட்டையும் அளக்கப் போனேன். காளியம்மா ஒரு நுனியைப் பிடித்தாள், நான் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத் தூணுக்கு எட்டுமா என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். நாண் போதவில்லை.

உன் அம்மாயி,
நவமணி