லேயோடிசியன் என்று உங்களைச் சொன்னவர்

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கண்ணில் படாத என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. பழிவாங்கிவிட்டேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் அம்மா பக்கத்தில் உங்களைப் புதைக்கச் சபைச் செயலாளர் விடவில்லை. சபைப் போதகரான ஐயர் அப்போது வெளியூரில் இருந்தார். "உங்கப்பா ஒரு லேயோடிசியன்மா. சூடும் இல்ல, குளிரும் இல்ல. அவருக்கு இங்க எடம் கெடையாதுங்க" என்றார் செயலாளர். அந்த ஆங்கில வார்த்தை ஒருவருக்கும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார்கள். பாப்பாரப்பட்டி ரோட்டோரப் பொது இடுகாட்டில் உங்களைப் புதைத்தோம்.

கால்நடை ஆய்வாளராக முப்பது வருடம் வத்தல்மலை ஏறினீர்கள். ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று நான் கேட்டபோது, "சினைமாட்டுக்கு ஞாயித்துக்கெழமை தெரியுமா கண்ணு?" என்றீர்கள். செயலாளர் வீட்டுப் பசுவைக் கன்றோடு நீங்கள் பிழைக்கவைத்ததும் ஒரு ஞாயிறுதான். அவர் மறந்துவிட்டாரா?

பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள் சும்மா இருப்பேனா? தேடினேன். மதத்தில் அக்கறையற்றவன் என்று பொருள். ஊர்ப் பெயரிலிருந்து வந்த வார்த்தை: இன்றைய துருக்கியிலிருந்த லவோதிக்கேயா. ஓர் அரசன் தன் மனைவியின் பெயரை ஊருக்கு வைத்தான். பிறகு அவளையே தள்ளிவைத்தான். அவள் அவனுக்கு விஷம் வைத்தாள் என்று ஒரு கதை. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று அப்பா. பிற்காலத்தில் அந்த ஊர்ச் சபைக்கு, சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் வெதுவெதுப்பு என்று பைபிளில் திட்டு விழுந்தது. கோயிலுக்கு வராததற்காக அல்ல. பணக்காரர்கள் நாங்கள், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று இறுமாந்து கிடந்ததற்காக.

சபையின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, வகுப்பில் சொல்வதுபோல நிதானமாக எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு செயலாளரிடம் கேட்டேன்: "இதுல எங்கப்பா எங்கங்க இருக்காரு? நீங்க எங்க இருக்கீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். செயலாளரின் காது சிவந்ததை நான் ஆசைதீரப் பார்த்தேன்.

உங்களை அம்மா பக்கத்துக்கே மாற்றிவிடலாம் என்றார் ஐயர்.

"வேண்டாங்க. அப்பா அங்கயே இருக்கட்டும். இவரு தெனமும் வயலுக்கு அந்த வழியாத்தான் போவணும்" என்றேன், செயலாளரைக் காட்டி.

அம்மாவைத் தனியாக விட்டது தப்பா? அவள் என்ன சொல்லியிருப்பாள்? தெரியவில்லை. ஆனால் செயலாளர் இப்போது குனிந்த தலையோடு வண்டியை வேகமாக ஓட்டிப் போகிறார்.

உங்கள் கல்லை மறைக்க ஒரு முள்செடியையும் வளரவிடமாட்டேன். நான் உயிரோடிருக்கும்வரை அவர் கண்ணுக்கு நீங்கள் தெரிவீர்கள்.

மன்னிக்கத் தெரியாத உங்கள் மூத்த மகள்