பிரம்மதேசத்தில் தூறினால்

ஏப்ரல் 22, 2025, செவ்வாய்

நேற்று சாயங்காலம் மழை. சங்கு ஊதவில்லை.

எழுதும்போதே எரிச்சலாக வருகிறது. பிரம்மதேசத்தில் நிவேதா வீட்டு மொட்டைமாடியில் நான் வைத்த சென்சார் பெட்டியில் முதல் தூறல் விழுந்ததும், இங்கே மரக்காணம் உப்பளத்து மோட்டார் ஷெட்டில் மின்சாரச் சங்கு ஊத வேண்டும். கோடை மழை மேற்கிலிருந்துதான் வரும், பிரம்மதேசத்தைத் தாண்டித்தான் நம்மைப் பிடிக்கும். உப்புக் குவியல்களை மூடுவதற்கு அந்த இடைவெளி போதும். நிவேதா என் காலேஜ் தோழி. அவள் பெட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தபோதெல்லாம் இங்கே சங்கு அலறியது. நிஜ மழைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் கலியமூர்த்தி அண்ணன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "உன் சங்க நம்பித்தாம்மா ஒருத்தரும் வானத்தப் பாக்கல. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சின்னா கழட்டிட்றேன், தப்பா எடுத்துக்காத" என்று மெதுவாகச் சொன்னார்.

அம்மா அதே அளத்தில்தான் உப்பு வாருகிறாள். அவள் வாரிய குவியல் பாதி கரைந்துவிட்டது. வெயிலில் நின்று வாரியது! "வுடுடி, ஆபீஸ் வேலயப் பாரு" என்கிறாள்.

விட மாட்டேன். நான் வைத்த சங்கு, நானே ஊத வைப்பேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டு நாளாகத் தலைகீழாக நின்று பார்த்தேன். பிடிபடவில்லை. பெட்டியிலிருந்து சங்குக்குச் செய்தி கொண்டுபோகும் புரோகிராம் நான் எழுதியதில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தது. சந்தேகம் கேட்க அவர்களுக்கு ஒரு ஃபோரம் உண்டு. இன்று முதல்முறையாக அங்கே கேட்டேன். இதுவரை எனக்குத் தேவைப்பட்டதில்லை. (பெருமைதான். இருக்கட்டுமே.)

நடந்ததையெல்லாம் புரோகிராம் தானாக எழுதி வைக்கும் 'லாக்' குறிப்பையும் போட்டேன். நாலு பேர் பார்ப்பார்கள் அல்லவா, விருந்தாளி வரும்முன் வீட்டைப் பெருக்குவது போலப் பெருக்கிவிட்டுத்தான் போட்டேன். வரிசையாக நின்ற தேதி, நேரம், கரண்ட் போய் வந்த புலம்பல் எல்லாவற்றையும் வெட்டினேன். பார்க்க லட்சணமாக இருக்கிறது. யாராவது பாராட்டினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "எவ்ளோ கேப்பாங்க?"

"காசெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா."

"சும்மா எவன் பண்ணுவான்? பின்னால ஏதாச்சும் இருக்கும், பாத்து இரு."

ஏப்ரல் 25, வெள்ளி

பதில் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பாராட்டு வந்தது, நன்றாக! ஒருவர் 'எப்படிக் கேட்க வேண்டும்' என்ற பக்கத்தின் லிங்கை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர், போட்டோவுக்குப் பதில் வாத்துப் படம் வைத்திருப்பவர், ஒரே கேள்வி கேட்டார். லாகில் ஏன் நேரமே இல்லை, நீங்கள் வெட்டினீர்களா?

தேவையில்லாததை மட்டும் எடுத்தேன் என்று எழுதினேன்.

'எது தேவையில்லை என்று தெரிந்திருந்தால் நீங்கள் இங்கே கேட்டிருக்கவே மாட்டீர்களே' என்று பதில்.

என்ன திமிரு! யாருன்னே தெரியாது, வாத்து மூஞ்சிய வச்சிக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்குது. லேப்டாப்பை மூடிவிட்டேன். அம்மா ஏதோ கேட்டாள், அவள் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

குயிலாப்பாளையம் ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வரியையே மென்றுகொண்டிருந்தேன். அது சரிதான். தப்பாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

சாப்பாட்டு இடைவேளையில் லாகை ஒரு வரி விடாமல், குப்பையும் கூளமுமாக அப்படியே போட்டேன். வெட்டியது என் தப்பு என்றும் எழுதினேன். கூசத்தான் செய்தது.

மே 2, வெள்ளி

கிடைத்துவிட்டது!

வாத்துக்காரர் உட்கார்ந்து மொத்தத்தையும் படித்திருக்கிறார். எந்த நாடோ, ஆணோ பெண்ணோ, தெரியாது. நான் யார், மரக்காணம் எங்கே என்று அவருக்கும் தெரியாது. இருந்தும் வரி வரியாகப் படித்திருக்கிறார்.

மழைக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போயிருக்கிறது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்ளும் அந்த ஒரு சிமிட்டலில் பெட்டி அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. கரண்ட் இல்லாதபோதும் நேரத்தைக் காத்து வைக்கும் கடிகாரம் பெட்டிக்குள் இல்லை. நெட் கிடைத்தும், சரியான நேரத்தை வாங்கும் முன்பே தூறல் விழுந்துவிட்டது. பெட்டி 'மழை' என்றுதான் அனுப்பியிருக்கிறது, ஆனால் பழைய நேரத்தைப் போட்டு. சங்குப் பக்கம் இருந்த புரோகிராம், பழைய செய்தி என்று சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டது.

எல்லாம் நான் வெட்டியெறிந்த வரிகளில் இருந்தது.

நிவேதாவுக்குப் போன் போட்டேன். "மழைக்கு முன்னாடி உங்க ஊர்ல கரண்ட் போவுமாடி?"

"போவாம இருந்தாத்தான்டி அதிசயம். காத்தடிச்சாலே பூடும்."

சொம்புத் தண்ணீரோடு காற்று வருமா? வராது. அதனால்தான் சோதனையில் மட்டும் ஒழுங்காக ஊதியிருக்கிறது. சத்தமில்லாமல் தூக்கிப் போட்டது எங்கள் பக்கத் தப்பும்தான், அதை நாங்கள் திருத்துகிறோம் என்று வாத்துக்காரர் முடித்திருந்தார். அவரைத் திமிர் என்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

மே 4, ஞாயிறு

பிரம்மதேசம் போய்ப் பெட்டிக்குள் பேட்டரி போட்ட சின்னக் கடிகாரம் ஒன்றைப் பொருத்தினேன். மெயினை அணைத்துவிட்டு நிவேதா சொம்பைக் கவிழ்த்தாள். இங்கே சங்கு ஊதியதாம். கலியமூர்த்தி அண்ணன் போனில், "சொம்புத் தண்ணிக்கு அது எப்பவுமே ஊதுமேம்மா" என்றார்.

இனி மழைதான் சொல்ல வேண்டும்.

மே 11, ஞாயிறு

வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. அளத்தில் வேலை செய்கிறவள் பெண்ணாக இருந்துகொண்டு மழை வரட்டும் என்று வேண்டுகிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள்.

மே 18, ஞாயிறு

ஊதியது!

நான் வீட்டு வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேற்கே கறுத்திருந்தது, இங்கே சொட்டு இல்லை. முதலில் காது நம்பவில்லை. துணியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு அளத்துக்கு ஓடினேன்.

தார்ப்பாய்கள் காற்றில் படபடத்தன. ஆளாளுக்கு ஓடினார்கள். அம்மாவைத் தேடினேன். அவள் நின்றது சகாதேவன் குவியல் பக்கத்தில். பக்கத்து அளத்துக்காரர், வாய்க்கால் தண்ணீரைத் தன் பாத்திக்குத் திருப்பினார் என்று இரண்டு வருடமாக அம்மா அவர் முகத்தில் முழிப்பதில்லை. இன்று தார்ப்பாயின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அம்மா கையில். "இழுய்யா அந்தப் பக்கம்! தூங்குறியா?" என்று கத்துகிறாள். அவரும் இழுக்கிறார். அம்மாவின் குவியலை அதற்குள் வேறு யாரோ மூடிவிட்டிருந்தார்கள்.

தார்ப்பாய் மேல் கடைசிக் கல்லை வைத்தபோதுதான் கொட்டியது.

ஷெட்டில் எல்லோரும் நனைந்து நின்றோம். கலியமூர்த்தி அண்ணன் சங்கை அண்ணாந்து பார்த்தார். "இருக்கட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வரும்போது அம்மாவைக் கேட்டேன். "போயும் போயும் அந்தாளு குவியலயா மூடின?"

"கிட்ட இருந்தது அதான். மழ வர்றப்போ எவன் குவியல்னு பாத்துனு நிப்பாங்களா?"

"எவ்ளோ குடுத்தாரு?"

"செருப்பால அடிப்பேன்" என்றாள். பாதி தூரம் வந்தபின் என்னைத் திரும்பி ஒருமாதிரியாகப் பார்த்தாள்.

ஜூன் 19, வியாழன்

ஃபோரத்தில் புதிதாக ஒரு கேள்வி. ஏதோ ஓர் ஊர், ஆற்றில் வெள்ளம் ஏறினால் அடிக்க வேண்டிய மணி சோதனையில் அடிக்கவில்லையாம், அங்கே மழைக்காலம் இன்னும் தொடங்கவில்லையாம். லாகை வரிசை பிசகாமல், பளிச்சென்று போட்டிருந்தார். நேரம் மட்டும் இல்லை. சிரித்துவிட்டேன். பெருக்காமல், வெட்டாமல், குப்பையோடு அனுப்புங்கள் என்று எழுத ஆரம்பித்தேன். அவர் கோபப்படுவார். படட்டும்.

அம்மா டீ கொண்டுவந்தாள். "யாருக்குடி இவ்ளோ நேரம் எழுதுற?"

"தெரியாதும்மா. பேரு ஊரு எதுவும் தெரியாது. வெள்ளம் வந்தா அடிக்கிற மணி அடிக்கலயாம்."

காசு கேள்வி வரும் என்று காத்திருந்தேன். அம்மா ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாள்.

"அவங்களுக்கு நனஞ்சிட்ச்சா, இன்னும் மழ வரலயா?"

"இன்னும் வரலம்மா."

"அப்போ என்னாத்துக்கு என்கிட்ட பேசினு இருக்குற? சட்டுனு சொல்லு."