உபயமும் கொள்ளியும்

பிள்ளையாரப்பா, எழுதுகிற கைக்கும் எழுதப்படுகிறவர்க்கும் நீயே காவல். நாவில் ஏறிய கசப்பு இத்தாளோடு நிற்கட்டும்.

ஆனி 10, செவ்வாய்

சோளகக் காற்று. முற்றமெங்கும் புழுதி. பிரஷர் குளிசை முடிந்தது, வாங்க வேண்டும்.

பின்னேரம் முரசுமோட்டை, செல்வநாதனின் (இனி செ.) அரிசி ஆலை. கூட்டுறவு முகாமையாளனாய் இருந்து இளைப்பாறிய என்னை வணிகர் சங்கம் கேட்டது; கிழமைக்கொருநாள் முதலாளிமாரோடு இருந்து கதைக்கிறேன். தொழிலை அறவழியில் நடத்தச் சொல்வதே எனக்கு எஞ்சியுள்ள தொண்டு என நம்பியிருந்தேன்.

இன்று செ. விருந்தினரிடம்: "இவர் என்ர கோச். பதிகமும் பாடுவார்." புது மெஷினைக் காட்டும் தோரணை. பாடச் சொன்னார். பாடவில்லை. தேநீர் ஆறியிருந்தது.

வியாழன் கோயில் திருவிழாவில் அவரது உபயம்; அன்றைய செலவெல்லாம் அவருடையது, முன்னின்று நடத்துவதும் அவரே. பங்காளராக வரவிருக்கும் கனடாக்காரருக்கெல்லாம் அழைப்பு. பந்தல், மின்விளக்கு, இரண்டு கூட்டம் மேளம். சுவாமியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆனி 11, புதன்

பூசை முடியுமுன் செ.யின் தொலைபேசி. மாங்குளத்தில் அவரது தமையன் விடியற்காலை மோசம் போய்விட்டார். இருவருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. நாளை மதியம் தகனம்.

"ஐயா, இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லேல்லை. செத்த வீட்டுத் துடக்கு எண்டால் நான் உபயத்தில நிக்கேலாது. வெள்ளிக்கிழமைதான் கேள்விப்பட்டதா வைப்பம். சாத்திரத்தில ஒரு வழி இருக்குந்தானே?"

"கொள்ளி ஆர் வைக்கிறது?"

"அண்ணி ஆரையாவது பிடிப்பா."

தமையனுக்கு ஒரே மகன்; யுத்தத்தில் செத்தவன். கொள்ளிக்கு உரியவர் இவர் ஒருவரே. நான் பேசாதிருந்தேன். அதைப் பேரம் என்று எண்ணிவிட்டார்.

"நீங்கள் ஓமெண்டால், பிறகு தெரிஞ்சாலும் கோயில் ஐயர் ஒண்டும் சொல்லார். கோயில் மடத்தில உங்கட பேரில ஒரு அறை கட்டித் தாறன்."

தொலைபேசியை வைத்ததும் வாயைக் கொப்பளித்தேன். பேசியவர் அவர், கொப்பளித்தவன் நான்.

பத்து மணி பஸ்ஸில் ஆலைக்கு. செ. கண்ணாடி முன் நின்று வரவேற்புரை பழகிக்கொண்டிருந்தார்: "தொழிலின் நோக்கம் குடும்பத்தைத் தாங்குவது." என் வாய்ச்சொல். என்னிடமே கேட்டு எழுதிக்கொண்டது.

"தம்பி, நான் சாத்திரம் சொல்ல வரேல்லை. நீர் போகாட்டில் நான் மாங்குளம் போய் உம்மட அண்ணியோட இருப்பன். தம்பிக்காரன் எங்க எண்டு கேக்கிறவைக்கு உள்ளதைச் சொல்லுவன்."

"வெருட்டுறியளோ ஐயா?"

"ஓம்."

இத்தனை மாதம் சொன்ன அறம் எதுவும் உள்ளே போகவில்லை. வெருட்டு உடனே போயிற்று. உபயத்தை அடுத்த குடும்பத்துக்கு விடச் சொல்லி ஐயருக்கு அறிவித்தார். சாரதியிடம் காருக்கு டீசல் அடிக்கச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

ஆனி 12, வியாழன்

செ.யோடு காரில் மாங்குளம். கடும் வெயில்.

செ. குடம் சுமந்து சிதையைச் சுற்றினார். கொள்ளி வைக்குமுன் தமையனின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஒரு கணம், மனிதன்தான் என்று எண்ணினேன். அவரது மனேஜர் படம் பிடித்துக்கொண்டு நின்றதைப் பிறகுதான் கண்டேன்.

சுடலையிலிருந்து செத்த வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் செ. மனேஜரிடம்: "நெருப்பு வடிவாத் தெரியுதோ? எங்கட பேஸ்புக்கில போடும். குடும்பம்தான் முதல் எண்டு எழுதும். கனடாக்காரருக்குப் பிடிக்கும்."

இறங்கி நடந்து போய்விடலாம் போலிருந்தது.

செத்த வீட்டில் செ.யின் அண்ணி வாசலில் இருந்தா. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "தம்பியார் வந்திட்டார்," என்றேன்.

"ஓம் ஐயா. வந்த மனசு எனக்குத் தெரியும். இவர் ஆசுபத்திரியில கிடந்து 'தம்பி வந்தவனோ' எண்டுதான் கேட்டவர். வேற ஆளைக் கொண்டு கொள்ளி வைச்சிருந்தால் என்னாலை தாங்கேலாது." பிறகு, "தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

தலையாட்டினேன். குடிக்கவில்லை.

ஆனி 13, வெள்ளி

சங்கத்துக்கு விலகல் கடிதம் எழுத இருந்தேன். எழுதவில்லை. முதலாளிமாரின் நெஞ்சைத் திருத்துவது என் பணியென்று நினைத்தது அகந்தை. போக வேண்டிய இடத்துக்கு, போக வேண்டிய நேரத்தில், முகம் சுளித்தபடியாவது அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துவது, அவ்வளவே இயலும். அருவருப்பு போகவில்லை. போகுமென்றும் தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய் வட்டக்கச்சி, கல் அறுக்கும் ஆலைக்காரர். அவர் எப்படிப்பட்டவரோ.

எனக்குப் பின் இதைப் பிரித்து வாசிப்பவரும் அவர் வீட்டாரும் நோய் நொடியின்றி நிறைவாய் வாழ்க. செ.யின் வீட்டாரும் வாழ்க. இவ்வரியை எழுதக் கை வரவில்லை; எழுதிவிட்டேன்.