லண்டன் போகாத நம்ம ஜெனி

என் ஆசை மாமாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது, பேங்குக்குப் போகவில்லை. அப்பாடா என்று இப்போதுதான் மூச்சு விடுகிறேன்.

நம்ம மகள் ஜெனிக்கு சர்வதேச உறவுகள் மேல்படிப்புக்கு லண்டனிலும் இடம் கிடைத்தது, டெல்லியிலும் கிடைத்தது. லண்டன் என்றதும் உன் தம்பி டேவிட்டைக் கையில் பிடிக்க முடியவில்லை. யாரையும் கேட்காமல் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டான், 'லண்டன் செல்லும் ஜெனிக்கு ராயபுரத்தின் வாழ்த்துகள்' என்று. மூலையில் மாலையோடு உன் படம். இவளோ இன்னும் முடிவே எடுக்கவில்லை!

மாதா கோயிலில் பார்க்கிறவர்களெல்லாம் "எப்போ ஃப்ளைட்டு?" என்றார்கள். மானத்துக்குப் பயந்து நானும் லண்டன் கடனுக்காகப் பத்திரத்தை எடுத்துவிட்டேன். ஹார்பரில் கிரேன் ஓட்டி நீ கட்டிய வீடு. அடகு வைக்க மனசே இல்லை மாமா. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் மட்டும் அசையவில்லை. இரண்டு இடத்திலும் படித்தவர்களை ஃபோனில் பிடித்துக் குடைந்தாள். உன் அக்கா மகன் மீன் பிடிக்கப் போய் எல்லை தாண்டிப் படகோடு மாட்டினானே, அதிலிருந்து அவளுக்குக் கடல் சட்டம்தான் பைத்தியம். லண்டனில் பெயர் பெரிசு, கடல் சட்டம் ஒரே ஒரு பாடமாம். டெல்லியில் அதற்கென்றே நல்ல வாத்தியார்கள் இருக்கிறார்களாம். லண்டனில் படித்த ஒரு பெண், படிப்புக் கடனுக்குத் தவணை கட்டுவதற்காகவே ஏதோ கம்பெனியில் பிடிக்காத வேலை பார்க்கிறாளாம்.

"டெல்லிதாம்மா" என்றாள்.

"தெருவுல ஃப்ளெக்ஸ் கீதேடி?"

"இன்னாம்மா நீ? சித்தப்பா கட்ன ஃப்ளெக்ஸுக்கு நைனா கட்ன வூட்ட அடகு வெப்பியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டேவிட் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் லண்டன் மேல் தாளை ஒட்டி டெல்லி என்று எழுதிவிட்டான்.

டெல்லிக்கும் கொஞ்சம் கடன் உண்டு. அது அவள் சம்பளத்தில் அடங்கும். ஆனாலும் நீ இருந்திருந்தால் லண்டனுக்கே அனுப்பியிருப்பாயோ? தெரியவில்லை.

நேற்று சென்ட்ரலில் ரயில் கிளம்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "லண்டன்னா ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணுன்னாகூட ஒடனே ஓடியார முடியாதும்மா. நைனாவோட கடைசி நேரத்துலதான் பக்கத்துல இல்லாம பூட்டேன்."

இதையும் சேர்த்துத்தான் பிள்ளை எடை போட்டிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

என் பிரஷர் மருந்தை இனிமேல் நேரத்துக்குப் போடுவேன் மாமா. அவள் பதறி ஓடிவரும்படி வைக்கமாட்டேன், சத்தியம்.

உன் பொண்டாட்டி,
ரீட்டா