தங்கம்மாளுக்குப் போட்ட ஊசி

18-1-2010

அன்பு மகள் நீலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் இருப்பதும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேறென்ன வேண்டும். ஞாயிறுதோறும் போனில்தான் பேசுகிறோமே, பிறகு எதற்கு அம்மா இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்தச் சமாச்சாரத்தைப் போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து நாலு கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், நீ அதைவிடப் பெரிதாக அழுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படித்து முடித்த பிறகு பேசு.

பொங்கல் வந்தது, போனது. வாய்க்கால் ஓரத்து இரண்டு மா நிலத்து நெல் மழையில் சாய்ந்து கிடந்ததால் அங்கே அறுவடை மெஷின் இறங்கவில்லை, ஆள் பிடித்துத்தான் அறுத்தோம். ஆள் கிடைப்பதற்குள் அப்பா பட்ட பாட்டைச் சொன்னால் நீ சிரிப்பாய், ஒரு காலத்தில் மெஷின் வரக்கூடாது என்று ரோட்டில் படுத்த மனிதர். கோயில் நிலத்துக் குத்தகைப் பதிவு இன்னும் இழுத்துக்கொண்டே கிடக்கிறது. குடவாசல் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து அவருக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. இந்த ஒன்றுதான் நல்ல சேதி, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நம் ஆஸ்பத்திரிக்கு ஐ.எஸ்.ஓ. தரச்சான்று வாங்கப் போகிறார்கள் என்று போன வருஷமே சொன்னேன் அல்லவா. புதிதாக வந்த டாக்டரம்மா நல்ல பெண், உன்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனால் காகிதம் என்றால் உயிர். எட்டு மாதமாக எங்களுக்கு வைத்தியம் பாதி, எழுத்து பாதி. மூன்று நிறத்தில் குப்பைத் தொட்டி, எந்தத் தொட்டியில் எது என்று சுவரில் படம், பிரிட்ஜுக்கு ஒரு நோட்டு, கை கழுவ ஒரு நோட்டு, நோட்டை எங்கே வைத்திருக்கிறோம் என்று எழுத ஒரு நோட்டு. முப்பத்துநாலு வருஷம் ஊசி போட்டவளுக்கு ஊசி போடுவது எப்படி என்று அச்சடித்துக் கொடுத்தால் எரிச்சல் வராதா. அதில் ஏழாவது விதி, நோயாளியின் பெயரை நாம் சொல்லி நீங்கள்தானே என்று கேட்கக் கூடாது, உங்கள் பெயர் என்ன என்று கேட்டு அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும், பிறகு சீட்டைப் பார்க்க வேண்டும். உங்கள் மஸ்கட் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் என்று நீ சொன்னபோது, அங்கே ஆயிரம் தேசத்து ஆள் வருவான், இங்கே எனக்குத் தெரியாத முகம் ஏதுடி என்று நான் சிரித்தேன். டாக்டரம்மாவின் கையெழுத்து புரியாது என்பதால் அந்த விதிகளையெல்லாம் அழகாக எழுதி ஊசி மேசைக்குப் பின்னால் ஒட்டியதும் நான்தான். இன்னொரு நோட்டும் போட்டார்கள், தவறு நிகழ்வுப் பதிவேடு என்று. நம் கையால் நடந்த பிசகை நாமே அதில் எழுத வேண்டுமாம், யாரையும் தண்டிக்க அல்ல, மறுபடி நடக்காமலிருக்க என்று பயிற்சியில் சொன்னார்கள். எட்டு மாதமும் அதில் 'இல்லை', 'இல்லை' என்றே எழுதி வந்தோம். மருந்தாளுநர் பஞ்சநதம், நம்ம ஆஸ்பத்திரியிலேயே சுத்தமான பொருள் இந்த நோட்டுதாங்க்கா என்பார்.

இந்த ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை, சர்க்கரைக்காரர்கள் வரும் நாள். நூற்றுக்கு மேல் கூட்டம், இன்னொரு நர்ஸ் லீவு. பட்டியலில் அடுத்த பெயர் பொன்னுத்தாய், இன்சுலின். பெஞ்சில் முதலாவதாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தாமல், பொன்னுத்தாய்தானே, வாங்க என்றேன். ஆமாங்கம்மா என்று எழுந்து வந்து கையை நீட்டினாள். போட்டு அனுப்பிவிட்டேன். அரை மணி கழித்து நிஜப் பொன்னுத்தாய் வந்து, தண்ணி புடிக்கப் போயிருந்தேம்மா, என்னைக் கூப்பிட்டீங்களா என்கிறாள். பட்டியலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன் நீலா. ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டுப் போடும் அறை வாசலில் அந்த அம்மா சுவரில் சாய்ந்து கிடக்கிறாள், சேலையெல்லாம் வேர்வை, கூப்பிட்டால் கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவள் தங்கம்மாள். கீழத்தெருவிலிருந்து, அறுப்பில் காலில் அரிவாள் பட்ட காயத்துக்குக் கட்டு மாற்ற வந்தவள். சர்க்கரையே இல்லாதவள், காலையில் ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிக்காமல் வந்திருக்கிறாள். சோதித்தால் சர்க்கரை முப்பத்தெட்டு. டாக்டரம்மா வந்து குளுக்கோஸ் ஏற்றி, ஒரு மணி நேரம் நாங்கள் இருந்த இருப்பு எந்த எதிரிக்கும் வேண்டாம். கடைசியில் அவள் கண்ணைத் திறந்து, பசிக்குதும்மா என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

அவள் பிழைத்துவிட்டாள், அதோடு விட்டுவிடலாம் என்பதுதான் எல்லாருடைய பேச்சும். உனக்குத் தெரியும், இந்த மாதம் முப்பத்தொன்று எனக்கு ஓய்வு. ஏதாவது குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் ஓய்வு உத்தரவு தராமல் கடைசி நாளில் நிறுத்திவைப்பார்கள், விசாரணை முடியும்வரை ஊரைவிட்டு நகர முடியாது. பஞ்சநதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் இருபத்தாறு நாள்தான்க்கா, பொண்ணுகிட்டப் போயி பேரப்புள்ளையைப் பாருங்க, நோட்டு எங்கயும் ஓடிப்போயிடாது என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். எழுதுங்கன்னும் சொல்ல மாட்டேம்மா, வேணாம்னும் சொல்ல மாட்டேன், எழுதுனா நான் மேல அனுப்பித்தான் ஆகணும் என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள், பாவம். அப்பாவிடம் சொன்னதற்கு, உன்னை யாரு கேட்டா இப்ப, வாயை மூடிக்கிட்டு வீடு வந்து சேரு என்று கத்தினார். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்குத் திருச்சி ஜெயிலில் பதினெட்டு நாள் இருந்த மனிதர் என்னை வாயை மூடச் சொல்கிறார். கோபப்படவும் எனக்குத் தெம்பில்லை. அவருக்கும் உன்மேல் உள்ள கவலைதான். நானும் எழுத வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தேன், உன்னிடம் மறைப்பானேன்.

மறுநாள் தங்கம்மாளின் மகன் வீரையன் ஒரு வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். அம்மாவுக்கு மயக்கம் வந்ததுக்கு நல்ல வேளை அங்கயே இருந்தாங்க, நீங்கதாம்மா உசுரக் குடுத்தீங்க என்று கும்பிட்டான். அந்தத் தாரை வாங்கவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. அன்று டூட்டி முடிந்ததும் அவனோடேயே கீழத்தெருவுக்கு நடந்தேன். தங்கம்மாள் வாசலில் முறத்தோடு இருந்தாள். என்னைக் கண்டதும் கட்டுப்போட்ட காலோடு எழுந்து நின்றுவிட்டாள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. உண்மையை இரண்டு பேரிடமும் சொன்னேன். வீரையன் விறுக்கென்று உள்ளே போய்விட்டான். தங்கம்மாள் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கு அப்பவே தெரியும்மா அந்த ஊசி எனக்கில்லேன்னு என்றாள். பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க கேட்டீங்க, நான் எப்படிம்மா இல்லேங்குறது, நீங்க கோவிச்சுக்குவீங்க, அப்புறம் கட்டுப் போட வந்தா ஏசுவீங்க என்றாள். ஏதோ தன்மேல் பிசகு என்பதுபோலச் சொன்னாள்.

நீ பிறக்காத காலம் அது. ஆட்சி மாறிய புதிது, எனக்குப் பதினாறு வயது. வரப்பில் மிராசுதாரின் காரியக்காரர் நிற்பார். நேற்று முழுநாளும் நடவு நட்டவளைப் பார்த்து, நேத்து மத்தியானம் நீ வரலதானே என்பார். ஆமாங்கய்யா என்று அவள் தலையை ஆட்டுவாள், அரை நாள் கூலி போய்விடும். என் பக்கத்தில் நின்று நட்டவர்களெல்லாம் அப்படி ஆட்டினார்கள், நானும் ஒருமுறை ஆட்டினேன், அன்றைக்குப் பட்ட அவமானம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. அந்த வரப்பைவிட்டு ஏறி, சர்க்கார் விடுதியில் தங்கிப் படித்து, வெள்ளைச் சேலை கட்டினேன். நம் ஜனங்களுக்கு நம்மில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று பெருமையாகத்தான் இருந்தேன். ஆனால் தங்கம்மாளுக்கு என்னைப் பார்த்தால் அந்தக் காரியக்காரரைப் பார்த்த பயம்தான். நான் ஏசுவேன் என்று பயந்து தன் உடம்பில் வேறொருத்தியின் மருந்தை வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஏழாவது விதியை எழுதியவனுக்கு நம் கீழத்தெருவைத் தெரிந்திருக்காது, ஆனாலும் அவன் சொன்னதுதான் சரி. நீங்கதானே என்று நான் கேட்டால் நம் ஆட்களுக்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

எட்டாம் தேதி அந்த நோட்டில் எழுதினேன். ஆள் பெயர் எழுத வேண்டியதில்லை, நடந்ததை எழுதினால் போதும் என்று டாக்டரம்மா சொன்னாள், அவளால் முடிந்த உதவி அதுதான். நான் பெயரும் போட்டுத்தான் எழுதினேன். ஏழாவது விதியோடு ஒரு வரியும் சேர்க்கச் சொன்னேன், கூப்பிடும்போது முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்று. தரச்சான்று கொடுப்பவர்கள் வருகிற வியாழக்கிழமை வருகிறார்கள், 'இல்லை' என்ற எட்டுப் பக்கத்துக்குப் பிறகு அவர்கள் பார்க்கப்போகும் முதல் எழுத்து என்னுடையது. ஒரு பாராட்டும் வரப்போவதில்லை. மேலே அனுப்பிய காகிதத்துக்கு, விளக்கம் கேட்டு மெமோ பொங்கலுக்கு முதல் நாளே வந்துவிட்டது. பஞ்சநதம் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அப்பா சாப்பிடும்போது மட்டும் பேசுகிறார்.

அதனால்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளை எடுத்த பிப்ரவரி ஆறாம் தேதி டிக்கெட்டில் நான் வருவது நிச்சயமில்லை கண்ணே. வர மாட்டேன் என்றே வைத்துக்கொள், அப்புறம் வந்தால் சந்தோஷப்படலாம். தலைப் பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இல்லாமல் போகிறாள், அதற்கு அம்மாவேதான் காரணம். நீ என்னைத் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கீழ்வீட்டு நாகூர்க்காரர் மீரா உசேன் சம்சாரம் நான் கூடவே நிற்பேன் என்று முன்பே சொன்னாளாமே, கூச்சப்படாமல் அவளைக் கூப்பிட்டுக்கொள். பத்தியத்துக்கு மருந்துப்பொடி இடித்து வைத்திருக்கிறேன், வேதாரண்யத்திலிருந்து யாரோ அந்தப் பக்கம் வருகிறார்களாம், கொடுத்தனுப்புகிறேன். உப்பைக் குறை, கால் வீக்கத்தை அலட்சியம் செய்யாதே. நர்ஸாக இருப்பவள்தான் தன் உடம்பைக் கவனிக்காதவள், என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்.

தங்கம்மாள் தினமும் கட்டுக்கு வருகிறாள், காயம் ஆறிவருகிறது. தினமும் முகத்தைப் பார்த்து உங்க பேர் என்னங்க என்று கேட்கிறேன், தரையைப் பார்த்துக்கொண்டு தங்கம்மா என்கிறாள். இன்று விளையாட்டாகப் பொன்னுத்தாய்தானே என்று கேட்டுப் பார்த்தேன். விளையாட்டு என்று அவளுக்கும் தெரியும், சிரிக்கத்தான் செய்தாள், ஆனாலும் அவள் தலை பாதி ஆடிவிட்டுத்தான் நின்றது. அறுபது வருஷப் பழக்கம், ஒரு நோட்டுப் புத்தகத்தால் போய்விடுமா.

நீயும் அந்த வழியில் வந்த பிள்ளைதான் நீலா. ஊசி போடும் இடத்தில் நீ எவ்வளவு கெட்டிக்காரியோ, படுக்கையில் படுத்தால் நீயும் சாதுவாகத் தலையாட்டுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வலியில் எப்படித் துடித்தாலும், யார் எவ்வளவு அவசரத்தில் வந்து நீதானே என்று கேட்டாலும், தலையை ஆட்டாதே. உன் பெயரை நீயே சொல். குழந்தையை உன் கையில் கொடுக்கும்போது அதன் காலில் கட்டியிருக்கும் சீட்டையும் வாய்விட்டு ஒரு தரம் படித்துப் பார்த்து வாங்கு. அம்மா பக்கத்தில் நின்று செய்திருக்க வேண்டியது அது.

ஒரு விக்கினமும் இல்லாமல் பெற்றுப் பிழைத்து, இரண்டு உயிரும் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல். அப்பா இன்னும் கோபத்தில்தான் இருக்கிறார், ஆனால் உனக்கு எழுதுகிறேன் என்றதும் பேனாவுக்கு ரீபிள் வாங்கிவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். குழந்தை பிறந்ததும் முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும், மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா,
மு. தர்மாம்பாள்