வரைபடத்தில் ஆறாக இருந்த வீடு

அன்புள்ள அப்பாவுக்கு ரெஹ்னுமாவின் சலாம். உங்கள் இருமல் நின்றதா? நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். பயப்பட எதுவுமில்லை என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இங்கே போக்ரா நகரப் பள்ளியில் இப்போது கணினிக்குக் கட்டளை எழுதப் பழகுகிறோம். வெள்ளம் வந்தால் படகு போகவேண்டிய வீடுகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைக்கிறோம். ஆற்றுக்குள் விழும் புள்ளியெல்லாம் பிழை, நீக்கிவிடு என்று நானே ஒரு வரி எழுதினேன். பிறகு பார்த்தால் நம் வீட்டைக் காணோம்! அது பழைய வரைபடம். ஆற்றின் நடுவே நம் மணல்தீவு எழும்புவதற்கு முன்பே வரைந்தது.

பக்கத்து இருக்கை ஷாபானா, "என்னடி, உங்க வீட்ல எல்லாரும் மீனுங்களா?" என்று சிரித்தாள். நான் அழுததும், "ஐயோ லூசு, நீ எழுதின வரிதானே, நீயே அழிச்சுடு" என்று கண்ணைத் துடைத்துவிட்டாள். அழித்தேன். தீவின் வீடுகளெல்லாம் திரும்பி வந்தன.

ஆனால் நம் புள்ளி போன வருடத்தது. இந்த மழையில் கரை இடிந்து நீங்கள் வீட்டைப் பிரித்து வேறிடத்தில் கட்டியபோது நான் இங்கே இருந்தேன். நம் வீடு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை, அப்பா. சலீம் சாச்சாவின் போனோடு வாசலில் நின்று, இடத்தைக் குறித்து அது காட்டும் எண்களை அனுப்புங்கள். அம்மாவும் பக்கத்தில் நிற்கட்டும்.

விடுதியில் விளக்கை அணைக்கிறார்கள், இத்துடன் நிறுத்துகிறேன்.