ஊற்றுக்குப் போனவள்

செப்டம்பர் 9, திங்கள்

விடுப்பு கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போட்டுக்கொண்டே மேலாளர் கேட்டார்: "சேர்ந்தாப்புல நாலு நாள் லீவு எடுக்காதவங்க நீங்க. வீட்ல ஏதாவது விசேஷமா?" ஆறு பிறக்கிற இடத்தைப் பார்க்கப் போகிறேன் என்றேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "தினமும் அந்தத் தண்ணியத்தானம்மா பாக்கறீங்க?"

தினமும் பார்க்கிறேன், அதனால்தான். சுத்திகரிப்பு நிலையத்தின் சோதனைக்கூடத்தில் காலையில் முதல் வேலை, ஆற்று நீரைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பது. கலங்கல் எவ்வளவு, வாடை என்ன, மருந்து எவ்வளவு விட வேண்டும். ஊரெல்லாம் சேர்ந்து அதில் என்னென்ன கொட்டியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே என் ஆயுசு போய்விட்டது. யாரும் தொடுவதற்கு முன்னால் அது எப்படி இருக்கும்? மண்ணுக்குள்ளிருந்து வெளியே வருகிற அந்த இடத்தில் போய்ச் சும்மா உட்கார வேண்டும். நான் பெரிய பக்திக்காரி இல்லை. ஆனாலும் விடிகாலையில் கண்ணை மூடி உட்காரும்போதெல்லாம் அந்த இடம்தான் வருகிறது. வேண்டுமென்றே அதன் படத்தைக்கூடப் பார்க்காமல் வைத்திருக்கிறேன். அங்கே எனக்காக ஏதோ காத்திருக்கிறது. வெளியே சொன்னால் கிறுக்கு என்பார்கள்.

தனியாகப் போக வேண்டும். பேச்சே இல்லாமல்.

செப்டம்பர் 11, புதன்

"தனியாவா?" என்றார் வீட்டுக்காரர். கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

மலை, குளிர், என் மூட்டுவலி, போன் எடுக்காத இடம் என்று வரிசையாகச் சொன்னார். பயம்தான், புரிகிறது. கடைசியில் தீர்ப்பு: "தங்கச்சி சும்மாதான இருக்கா, பார்லர்ல ரிப்பேர் வேலை நடக்குது. அவளைக் கூட்டிட்டுப் போ. இல்லன்னா வேண்டாம்."

இல்லன்னா வேண்டாமாம்! அனுமதி கேட்டேனா நான்? சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

என் நாத்தனாருக்கு இந்த நோட்டில் ரேடியோ என்று பேர் வைக்கிறேன். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. புருவம் திருத்தும்போது வலி தெரியாமலிருக்க வாடிக்கையாளர்களிடம் பேச ஆரம்பித்தவள், கடையைப் பூட்டின பிறகும் நிறுத்துவதில்லை. விஷயம் தெரிந்ததும் போனில் குதிக்கிறாள். "நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதும்பாங்க அண்ணி. வாங்க, ஒரு மூலத்தையாவது பாத்துட்டு வந்துடுவோம்!"

செப்டம்பர் 12

சரி என்று சொல்லித் தொலைத்தேன். எனக்கு எதிரி என் வாய்தான்.

செப்டம்பர் 25, புதன்

ரயில். என் வயது, என் மூட்டுவலி, நான் எத்தனை சர்க்கரை போட்டுக் குடிப்பேன் என்பது வரை பெட்டி முழுவதற்கும் தெரியும். மேல் படுக்கையில் காதைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

அடிவாரம். விடுதியில் பின்பக்க அறைதான் இருக்கிறது என்றார்கள். ரேடியோ, விடுதிக்கார அம்மாளுக்குப் புருவம் திருத்திவிட்டு, ஆற்றைப் பார்த்த அறையை வாங்கிவிட்டாள். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் காட்டுக் கத்தல் கத்துகிறது. எங்கள் ஊரில் சோம்பேறியாகப் படுத்துக் கிடக்கும் ஆறு இங்கே அடங்காப்பிடாரி.

எங்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டி ஒரு பெண். அளந்துதான் பேசுகிறாள், எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நடுவில் ஒரு தங்குமிடம், அதற்கு மேலே கடைசிக் குடிசை, அங்கிருந்து அரை நாள் ஏறினால் ஊற்று. ஆனால் வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "பனி இந்த வருஷம் முந்திக்கும் போலருக்கு. விழுந்துடுச்சுன்னா வழி மூடிடும். அப்புறம் அடுத்த ஜூன்தான்."

அடுத்த ஜூன் வரைக்கும் என்னால் முடியாது. இப்போதே போக வேண்டும்.

செப்டம்பர் 30, திங்கள்

நடுத் தங்குமிடம். இன்று நான் நடந்துகொண்டது—

காலையில் ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்தேன். மனசு மெல்ல அடங்கி வந்தது. இத்தனை வருடத்தில் இப்படி அடங்கியதே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருக்கும்போது முதுகுக்குப் பின்னால்: "அண்ணி! டீ ஆறுது! இங்க ஒருத்தங்க தலைமுடிய வந்து பாருங்களேன், இடுப்பு வரைக்கும்—"

கத்திவிட்டேன். "உன் வாய்க்கு ஒரு பூட்டே கிடையாதா? எதுக்குடி வந்து தொலைச்ச என்கூட?"

வழிகாட்டி திரும்பிப் பார்த்தாள். ரேடியோவின் முகம் சுண்டிவிட்டது. "அண்ணன் போகச் சொன்னாரு, வந்தேன்," என்றாள். ஆறிப்போன என் டீயை எடுத்து அவளே குடித்தாள். அப்புறம் வழிகாட்டியிடம் பொடுகுக்கு என்ன தேய்க்கலாம் என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வைத்தாளே என்று அதற்கும் அவள்மேலேயே கோபம்.

நாளை எல்லோரும் வெயில் ஏறியதும் கிளம்புவதாகப் பேச்சு. நான் விடியும்போதே கிளம்பிவிடுவேன். வழியெல்லாம் கல் அடுக்கி அடையாளம் வைத்திருக்கிறார்கள், தப்ப முடியாது. அவர்கள் பின்னால் வரட்டும். ஒரே ஒரு காலை எனக்கென்று. அதற்குக்கூடவா எனக்குக் கொடுப்பினை இல்லை?

அக்டோபர் 1, செவ்வாய்

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

யாருக்கும் தெரியாமல் கிளம்பினேன். பேச்சில்லை, ஆளில்லை, ஆற்றுச் சத்தமும் நானும்தான். இதற்குத்தானே ஏங்கினேன்? ஆனால் வழி நெடுக தலைக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். "ஏன் கத்தினேன்னு கேளு, சொல்றேன்" என்று நானே ஆரம்பித்து, அவளுக்கும் நானே பதில் பேசி, மறுபடி நானே மடக்கி. பக்கத்தில் இல்லாதபோதும் அவள்தான் பேசினாள். அந்தக் கோபத்தில் அடையாளக் கல்லைக் கவனிக்கவில்லை. ஓடையைக் கடக்கும்போது பாசி வழுக்கி, இரண்டு கற்களுக்கு நடுவே கால் மாட்டித் திருகிக்கொண்டது.

மூடுபனி இறங்கிவிட்டது. கூப்பிட்டேன். ஆறு என் குரலை விழுங்கிவிட்டது. ஈரம் முழங்கால் வரை ஏறி, பல் கிட்டிக்கொண்டது. செத்துப் போய்விடுவோமோ என்று நிஜமாகவே நினைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாயிற்றே என் கதை.

அப்போது கேட்டது. எங்கோ கீழே, விடாமல், மூச்சு வாங்க வாங்க: "அவங்களுக்கு மூட்டுவலி வேற, நேத்து சரியாச் சாப்பிடவும் இல்ல, கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது எங்க அண்ணிக்கு, நீங்க அந்தப் பக்கமும் பாருங்க—"

"இங்கடி! இங்க இருக்கேன்!" தொண்டை கிழியக் கத்தினேன்.

வந்தவள் என்னைப் பார்த்ததும் வெடித்தாள். "அறிவிருக்கா உங்களுக்கு? என்மேல கோவம்னா நாலு அறை அறைஞ்சிருக்கலாமே! அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவேன் நான்?" திட்டிக்கொண்டே என் ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். ஈரத்தில் இறுகியிருந்ததைப் பல்லால் கடித்து இழுத்தாள். அழுதாள். நானும் அழுதேன். கடைசிக் குடிசைதான் கிட்டே என்று அவளும் கூட வந்த வழிகாட்டியும் என்னைத் தாங்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.

அக்டோபர் 2, புதன்

கால் வீங்கி, பாதம் எது கணுக்கால் எது என்று தெரியவில்லை.

வழிகாட்டி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நாளைக்குக் காலைல ஒரு தடவை போகலாம். அதுக்கப்புறம் யார் கேட்டாலும் நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்." சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். விழுந்தேன். மறுபடி நின்றேன். ரேடியோ ஓடி வந்து பிடித்தாள். அரை நாள் நடை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், எனக்கு நடக்கும்போது சொல்ல வரவில்லை.

"அவங்க வேணா வரட்டும்," என்றாள் வழிகாட்டி.

"நானா? ஐயோ, எனக்கெதுக்கு அதெல்லாம்? நான் அண்ணிகூட இருக்கேன்."

போ என்றேன். நல்ல மனசோடு சொல்லவில்லை. அவள் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் அவள் வாயால் எனக்குக் கிடைக்கும் என்ற கணக்குதான். "உன் வாய்க்கு இப்பதான் வேலை வந்திருக்கு. ஒண்ணு விடாம பாத்துட்டு வந்து சொல்லணும்."

"அதுல குறை வெப்பேனா?" என்று சிரித்தாள்.

அக்டோபர் 3, வியாழன்

போய்விட்டார்கள். என் கையுறையை அவளுக்குப் போட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. பனி விழ ஆரம்பித்திருக்கிறது. இதற்குள் வந்திருக்க வேண்டும்.

இன்னும் வரவில்லை. காற்று கதவை உதைக்கிறது. அவளுக்கு ஏதாவது ஆயிற்றென்றால் இவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? எந்தச் சாமியை எப்படிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியாது. ஊற்றும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவள் வந்தால் போதும். இதை எழுதி முடிப்பதற்குள் மனசு இன்னொன்று சொல்கிறது: என் இடத்தில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். சீ. என்ன ஜென்மம் நான்.

வந்துவிட்டார்கள்! தலையெல்லாம் பனி. கட்டிக்கொண்டேன். வெந்நீரைக் கொடுத்துவிட்டு, "சொல்லு, சொல்லு, என்ன பாத்த?" என்றேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "அப்புறம் சொல்றேன் அண்ணி." போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டாள்.

ஏன் இவ்வளவு நேரம் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "போய் உக்காந்தாங்க. கூப்பிட்டா எழுந்திரிக்கல. பனி வேற. ஆனா எழுப்ப எனக்கு மனசு வரல."

அக்டோபர் 5, சனி

கோவேறு கழுதைமேல் நான். பக்கத்தில் நடந்து வருகிறாள் அவள். வழி முழுக்கப் பேசியது நான்தான்.

அக்டோபர் 8, செவ்வாய்

ரயில். இனிப் பொறுக்க முடியாது என்று கேட்டேவிட்டேன். தண்ணீர் பாறையிலிருந்து வருகிறதா, மண்ணிலிருந்தா? சத்தம் உண்டா? குடித்துப் பார்த்தாயா?

"நல்லாருந்துச்சு அண்ணி."

"நல்லாருந்துச்சா? அவ்வளவுதானா? ஒரு தலைமுடிக்கு ஒரு மணி நேரம் பேசுவியே!"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லணும்னுதான் பாக்கறேன். சொன்னா போயிடுமோன்னு பயமா இருக்கு."

கையை உருவிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து கதவோரம் நிற்கிறேன். வயிறு எரிகிறது. எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்? அது எனக்கு வர வேண்டியது. எனக்கு! ஏங்கினவள் நான், காத்துக் கிடந்தவள் நான். கூட வந்தவளுக்கு எப்படிக் கிடைக்கலாம்? என்ன நியாயம் இது?

அக்டோபர் 21, திங்கள்

மறுபடி சோதனைக்கூடம். அடுத்த கோடை வரை மலைப் பக்கமே போகக் கூடாதாம், டாக்டர் சொல்லிவிட்டார். மலையிலிருந்து வந்த பிறகு விடிகாலையில் உட்காரவில்லை. எதற்கு உட்கார வேண்டும்?

டிசம்பர் 14, சனி

பார்லருக்குப் போனேன். கடைக்குள் அவள் பழையபடிதான் பேசுகிறாளாம். நடுவில் சட்டென்று நிறுத்திவிடுகிறாள் என்று வேலை பார்க்கிற பெண் சொன்னாள். இன்று நான் சீக்கிரம் போய்விட்டேன். வாடிக்கையாளர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டப் போன கையை இழுத்துக்கொண்டு வெளிப் படியில் உட்கார்ந்தேன். தெருவில் பால் வண்டி போயிற்று, யாரோ ஷட்டர் தூக்கினார்கள். அவளாகக் கதவைத் திறக்கும்வரை எனக்குக் கோபம் வரவில்லை. அதுவே ஆச்சரியம்.

மே 18, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் இவரிடம் சொன்னாள்: "அண்ணா, ஜூன்ல வழி திறக்குதாம். நான் மறுபடி போறேன்."

"தனியாவா?" அதே குரல். "அண்ணியைக் கூட்டிட்டுப் போ. அவ காலும் இப்ப சரியாயிடுச்சு."

 பழம் நழுவிப் பாலில் விழுகிறது! மனசுக்குள் பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

"அண்ணி வேண்டாம்ணா." என் பக்கம் திரும்பினாள். "கோச்சுக்காதீங்க அண்ணி. தனியாப் போகணும் எனக்கு."

இவருக்கு வந்ததே கோபம். "கால் சுளுக்கி அவ கிடக்க, நீ மட்டும் பாத்துட்டு வந்துட்டு— என்ன பேச்சு பேசற நீ? அவ இல்லன்னா நீயும் போக வேண்டாம்." அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு நிமிடம் போனால் சரி என்று சொல்லிவிடுவாள், எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் சொன்னேன்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். ஊற்றைப் பார்த்துவிடுவேன். சும்மா இருந்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

"அவ தனியாப் போகட்டும்," என்றேன்.

"உனக்கென்ன பைத்தியமா? நீ ஆசைப்பட்டதுதான அது?"

"அதனாலதான் சொல்றேன்."

விடவில்லை நான். அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொன்னேன். வழிகாட்டி நல்லவள், வழி முழுக்க அடையாளம் உண்டு, என்னைத் தேடிக் கண்டுபிடித்தவள் இவள்தானே என்றேன். தொண்டை கட்டிப்போகும் வரைக்கும் பேசினேன். கடைசியில், "என்னவோ பண்ணித் தொலைங்க," என்று எழுந்து போய்விட்டார். அவள் என் தோளில் சாய்ந்தாள். எனக்கு அழுகையாக வந்தது. சந்தோஷத்தில் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

காலை ரயிலில் கிளம்பிவிட்டாள். ஏற்றிவிட இவர் மட்டும் போயிருக்கிறார். நீயும் வா என்றார். கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

கால் வலிக்கவில்லை. போனால் நானும் ஏறிவிடுவேன்.